கண் அழுத்தச் சீட்டில் இல்லாத எண்

(மார்ச் மாதம் உலக கிளாக்கோமா வாரத்தையொட்டி நம் கிளப் ஹவுஸில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று நேரமில்லாமல் விட்டுப்போன இரண்டொரு விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.)



முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் 36 வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கண்ணைப் பற்றிப் பேச எனக்கு இருக்கிற ஒரே தகுதி, என் அக்கா பேரனின் கண் ஆஸ்பத்திரி ஃபைல் அவன் நான்கு மாதக் குழந்தையாக இருந்த நாளிலிருந்து என் பொறுப்பில் இருக்கிறது என்பதுதான். அவன் இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அவனைப் பற்றிச் சொல்லலாமா என்று கேட்டேன். "பேர் மட்டும் சொல்லாதீங்க தாத்தா" என்றான். அதனால் பேர் சொல்லவில்லை.

சென்ற மாதம் இதே ஹாலில் நடந்த இலவசக் கண் முகாமில் உங்களில் பலர் கலந்துகொண்டீர்கள். கண்ணில் புஸ்ஸென்று காற்று அடித்து ஒரு சீட்டு கொடுத்தார்கள். ஐ.ஓ.பி. வலது 14, இடது 15 என்பது போல இரண்டு எண்கள், பக்கத்தில் 'நார்மல்' என்று ஒரு டிக். அந்த எண் எப்படி வருகிறது, அதை முழுதாகப் புரிந்துகொள்ள வேறொரு எண்ணும் ஏன் வேண்டும், பிறவியிலேயே கிளாக்கோமா உள்ளவர்களுக்கு அந்த இரண்டாவது எண்ணும் ஏன் எளிதில் ஏமாற்றிவிடும் என்பதுதான் இன்றைய பேச்சு.

கண்ணுக்குள் ஒரு திரவம் ஓயாமல் ஊறிக்கொண்டே இருக்கிறது. நாம் அழும்போது வரும் கண்ணீர் வேறு, இது வேறு. ஊறுகிற திரவம் கண்ணின் முன்பக்க ஓரத்தில் சல்லடை போன்ற வடிகால் வழியாக வெளியேறி ரத்தத்தில் கலக்கிறது. நம் மாடித் தொட்டி மாதிரிதான். வரத்து அப்படியே இருந்து, போக்கு அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் பின்னால் உள்ள பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். போன நரம்பு திரும்பி வராது. அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருந்தால் வழக்கமான அளவு என்று சொல்கிறார்கள்.

கண்ணுக்குள் ஊசி விட்டு அழுத்தம் பார்க்க முடியுமா? முடியாது. வெளியிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். சைக்கிளில் காற்று இருக்கிறதா என்று கட்டை விரலால் டயரை அமுக்கிப் பார்ப்போமே, அதே வேலைதான். ஆனால் டயரின் ரப்பர் தடிமனாக இருந்தால், காற்று குறைவாக இருக்கும்போதும் கெட்டியாகத் தெரியும். ரப்பர் தேய்ந்து மெலிந்திருந்தால், நிறையக் காற்று இருந்தும் விரலுக்கு மெத்தென்று படும். கண்ணில் அந்த ரப்பரின் இடத்தில் இருப்பது கார்னியா. கருவிழிக்கு முன்னால் கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல வளைந்து நிற்கும் தெளிவான படலம் அது.

ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் இருந்த ஹான்ஸ் கோல்ட்மன் என்ற கண் மருத்துவர் 1950-களில் ஒரு கருவி செய்தார். இன்றும் கண் ஆஸ்பத்திரிகளில் நீல வெளிச்சத்தோடு கண்ணுக்குக் கிட்டே கொண்டு வருவார்களே, அதுதான். கார்னியாவில் 3.06 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சின்ன வட்டத்தைத் தட்டையாக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அது அளக்கிறது. ஏன் 3.06? கார்னியாவின் விறைப்பு கருவியை வெளியே தள்ளும். கண்ணீரின் ஈரம் அதை உள்ளே இழுக்கும். அந்த வட்ட அளவில் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். எங்கள் பாஷையில் சொன்னால் ஒரு கான்ட்ரா என்ட்ரி. ஆனால் இந்தக் கணக்கு, கார்னியா ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமனில், அதாவது 500 மைக்ரான் சுற்றளவில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு போட்டது. பெரிதாக விலகினால் கணக்கு டேலி ஆகாது என்பது கோல்ட்மனுக்கே தெரியும்.

சென்னையிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் ஆயிரக்கணக்கான பேரைப் பரிசோதித்த 'சென்னை கிளாக்கோமா ஆய்வு' என்ற பெரிய ஆய்வில், நம் பக்கத்துப் பெரியவர்களின் கார்னியா சராசரியாக 510 மைக்ரானையொட்டி இருந்தது. சராசரி என்றால் அதற்கு மேலும் கீழும் ஆட்கள் உண்டு. 450 இருப்பவரும் நம்மில் இருக்கலாம், 580 இருப்பவரும் இருக்கலாம். வெளியே பார்த்தால் தெரியாது.

தடிமனை அளக்கும் பரிசோதனைக்கு பேக்கிமெட்ரி என்று பெயர். மரத்துப்போகச் செய்யும் சொட்டு ஒன்றை விட்டு, பேனா மாதிரி ஒரு கருவியின் நுனியைக் கார்னியாவின் நட்டநடுவில் ஒரு நொடி வைத்து எடுப்பார்கள். உள்ளே போகும் நுண்ணொலி கார்னியாவின் முன்புறத்திலும் பின்புறத்திலும் பட்டுத் திரும்பும். இரண்டுக்கும் இடையிலுள்ள நேரத்தை வைத்துத் தடிமனைக் கணக்கிடுவார்கள். வலி கிடையாது. தொடாமலேயே ஒளியால் அளக்கும் கருவிகளும் உண்டு. நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகப் போகக் கார்னியா தடிக்கும் என்பதால், பேனா கொஞ்சம் விலகினாலே எண் கூடிவிடும். அதனால் சில தடவை எடுத்துப் பார்ப்பார்கள். எந்திரத்துக்கு எந்திரம் எண் சற்று மாறும் என்பதால், எந்த எந்திரம் என்பதையும் நான் எழுதி வாங்கிக்கொள்வேன். ஆஸ்பத்திரியில் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இப்போது பிறவி கிளாக்கோமாவுக்கு வருகிறேன்.

நமக்கு அறுபது வயதில் வரும் கிளாக்கோமாவில் வடிகால் நாளடைவில் கெடுகிறது. சில குழந்தைகளுக்குக் கருவிலேயே அந்த வடிகால் சரியாக உருவாவதில்லை. பிறந்தபோதே, அல்லது முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள் அழுத்தம் ஏறிவிடும். பெரியவர்களின் கண்சுவர் இறுகிப்போனது, விரியாது. குழந்தையின் கண்சுவர் இளசு. அழுத்தம் ஏற ஏற பலூன் போல கண் முழுவதுமே பெரிதாகும். பிறந்த குழந்தையின் கார்னியா குறுக்காக 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஒரு வயதுக்குள் 12-ஐத் தாண்டினால் டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? குழந்தையைப் பார்க்க வந்தவர்களெல்லாம் கண்ணைத்தான் புகழ்ந்தார்கள். "என்ன பெரிய கண்ணு! முழி அப்படியே கிருஷ்ணர் பொம்மை மாதிரி!" என்று சொல்லாத ஆளில்லை. திருஷ்டி பட்டுவிடும் என்று அக்கா தினமும் சுற்றிப் போட்டாள். வெயிலில் தூக்கிப் போனால் குழந்தை முகத்தைத் தோளில் புதைத்துக்கொள்ளும். கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும். கண்ணை இடுக்கி இடுக்கி மூடும். நீர் வடிவதற்கு ஒரு வைத்தியர் மூக்கோரம் தடவிவிடச் சொன்னார். சாதாரணக் கண்ணீர்க் குழாய் அடைப்பு குழந்தைகளுக்கு நிறைய வரும் என்பதால் அப்படிச் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நீர் வடிதல், வெளிச்சம் தாங்காமை, கண்ணை இறுக்கி மூடுதல் மூன்றும் சேர்ந்து, கண்ணும் வழக்கத்துக்கு மேல் பெரிதாக இருந்தால், உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கார்னியாவில் நீலச் சாயலாகப் புகை படர்ந்தது போல் தெரிந்த பிறகுதான் நாங்கள் போனோம். அப்போது அவனுக்கு நான்கு மாதம்.

என் அக்கா மகள் கல்யாணம் செய்துகொண்டது அவளுடைய அத்தை மகனை. நம் ஊரில் இதில் புதுமை ஒன்றுமில்லை. இந்த நோயின் ஒரு முக்கியமான மரபணு சி.ஒய்.பி.1பி1. 1997-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்து சேர்ந்தால்தான் நோய் வரும். சொந்தத்தில் கல்யாணம் செய்தால் அப்படிச் சேரும் வாய்ப்பு கூடுகிறது. மேலை நாடுகளில் ஏறக்குறைய 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும் நோய், ஆந்திராவில் எடுத்த கணக்கில் 3,300-க்கு ஒன்று என்று வந்தது. அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு நாலில் ஒன்று என்று டாக்டர் சொன்னார். அதனால் இரண்டாவது பெண் குழந்தையைப் பிறந்த வாரமே கொண்டுபோய்க் காட்டினோம். அவளுக்கு ஒன்றுமில்லை. இதைக் கேட்டுவிட்டு யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம். அக்கா வீட்டில் அந்தப் பேச்சு ஒரு வருடம் ஓடி, போதும் போதும் என்றாகிவிட்டது.

குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் கண்ணை அளக்க முடியும். அன்று வலது கண்ணில் கார்னியாவின் குறுக்களவு 13 மில்லிமீட்டர், தடிமன் 680 மைக்ரான். இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் செய்து வடிகாலுக்கு வழி பண்ணினார்கள். எட்டாவது மாதம் அளந்தபோது தடிமன் 560. ஆறு வயதில் 490. இப்போது 482.

ஃபைலில் இந்த எண்களை வரிசையாக எழுதிவிட்டு நான் டாக்டரிடம் கேட்டேன்: "ஏன் சார் குறைஞ்சுக்கிட்டே போகுது? கண்ணு தேயுதா?" அவர் பொறுமையாகச் சொன்னது எனக்கு அன்றிலிருந்து மறக்கவில்லை. நான்கு மாதத்தில் இருந்த 680 அவனுடைய சொந்தத் தடிமன் இல்லையாம். அழுத்தத்தில் கண் விரிந்தபோது கார்னியாவின் உள்பக்கச் சவ்வு இழுபட்டு அங்கங்கே கிழிந்திருந்தது. ஹாப் கோடுகள் என்று அந்தத் தழும்புகளுக்குப் பெயர். இன்றும் அவன் கண்ணில் இருக்கின்றன. அந்தக் கிழிசல் வழியாக நீர் ஏறி கார்னியா ஊறிப் பொதபொதவென்று வீங்கியிருந்தது. அழுத்தம் குறைந்ததும் நீர் வடிந்தது, புகை தெளிந்தது. உள்ளே இருந்த உண்மையான கார்னியா இழுபட்டு மெலிந்துபோன ஒன்று. அதுதான் பிறகு தெரிந்த எண்.

இங்கேதான் நான் மிகவும் கவனிக்கச் சொல்வது. இயற்கையிலேயே தடிமனான, நல்ல கெட்டியான கார்னியா இருந்தால் கருவி அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். ஆனால் நீர் ஏறி வீங்கிய கார்னியா தடிமனாக இருந்தும் மெத்தென்று அமுங்கும். கருவி அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். இரண்டுக்கும் எண் ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் அர்த்தம் நேர் எதிர். 'தடிமன் அதிகம், ஆகவே உண்மையான அழுத்தம் இதைவிடக் குறைவு' என்று ஒரு வீங்கிய கண்ணுக்குக் கணக்குப் போட்டால், ஏற்கெனவே குறைத்துக் காட்டியதிலிருந்து இன்னும் கழிக்கிறோம். பற்று வைக்க வேண்டியதை வரவில் வைத்த மாதிரி, பிழை இரட்டிப்பாகிவிடும். பேரன் விஷயத்தில் அன்று மயக்க மருந்தும் சேர்ந்துகொண்டது. பெரும்பாலான மயக்க மருந்துகள் கண் அழுத்தத்தைக் குறைத்துவிடும்.

சிறு வயதில் வரும் கிளாக்கோமா எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பது இன்னொரு சிக்கல். கைக்குழந்தையாக இருக்கும்போதே கண்புரை ஆபரேஷன் செய்து, பிறகு கிளாக்கோமா வந்தவர்களுக்குக் கார்னியா பெரும்பாலும் சராசரியைவிடத் தடிமனாக இருக்கிறது. கண்ணின் கருமணி வளையமே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கும் அப்படித்தான். பேரனைப் போல வடிகால் கோளாறோடு பிறந்தவர்களில் பலருக்கு மெலிந்திருக்கிறது, எல்லோருக்கும் அல்ல. ஆக, 'பிறவி கிளாக்கோமாவா, அப்போ இவ்வளவு மைக்ரான்தான் இருக்கும்' என்று குத்துமதிப்பாகச் சொல்ல வழியே இல்லை. ஒவ்வொரு கண்ணையும் அளந்துதான் ஆக வேண்டும்.

வங்கியில் இருந்தவன் என்பதால் எனக்கு உடனே ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மெண்ட் ஞாபகம் வந்தது. பாஸ் புக்கில் ஒரு பாக்கி, கேஷ் புக்கில் ஒரு பாக்கி. இன்னும் வசூலாகாத செக்கைக் கூட்டி, கழிக்க வேண்டியதைக் கழித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதே போல இத்தனை மைக்ரானுக்கு இத்தனை அழுத்தம் என்று கூட்டிக் கழிக்க முடியாதா? அப்படி ஒரு கணக்கு இருந்தது. 1975-இல் ஏலர்ஸ் என்ற டென்மார்க் ஆராய்ச்சியாளர் 70 மைக்ரான் வித்தியாசத்துக்கு 5 மில்லிமீட்டர் என்று சொன்னார். பின்னால் வந்த ஆய்வுகள் பல அவ்வளவு வராது என்றன. ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், தனி ஒருவரின் எண்ணை இந்த மாதிரிச் சூத்திரத்தால் திருத்துவதை இப்போது நிபுணர்கள் விரும்புவதில்லை. தடிமன் மட்டுமல்ல, கார்னியாவின் விறைப்பு, வளைவு, தழும்பு எல்லாமே அளவைப் பாதிக்கின்றன. ஹாப் கோடு ஓடிய, விரிந்து தட்டையான ஒரு கார்னியாவில் எந்தச் சூத்திரம் செல்லும்?

அப்படியானால் அளந்து என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். கூட்டத்திலும் பி பிளாக்கிலிருந்து ஒருவர் கேட்டார். 482 என்ற எண் இருக்கிற கண்ணில் 'அழுத்தம் 15' என்று வந்தால் டாக்டர் அதை நிம்மதியாக எடுத்துக்கொள்ள மாட்டார். உண்மையில் அதிகமாக இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு நரம்பைப் பார்ப்பார், பார்வைப் பரப்புப் பரிசோதனை செய்வார், பழைய படங்களோடு ஒப்பிடுவார். குழந்தையாக இருந்தால் கார்னியாவின் குறுக்களவும் கண்ணின் நீளமும் வளர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பார். 620 இருக்கிற கண்ணில் 24 என்று வந்தால், மருந்தைக் கூட்டுவதற்கு முன் அதே போல நிதானிப்பார்.

பெரியவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் அழுத்தம் மட்டும் அதிகமாக இருந்து, நரம்பு கெடாதவர்களை வைத்து நடத்திய ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. 555 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு, 588-க்கு மேல் உள்ளவர்களைவிட மூன்று மடங்கு அபாயம் இருந்தது. பேக்கிமெட்ரி எல்லா இடத்திலும் பரவியது அதற்குப் பிறகுதான். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள். அந்த மூன்று மடங்கைப் பிறவி நோயாளிக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

போன வருடம் பேரனின் கல்லூரியில் ஒரு கண் முகாம். காற்று அடித்துப் பார்த்துவிட்டு, 15, நார்மல் என்று சொன்னார்கள். "தினமும் மருந்து போடறேன்" என்று இவன் சொல்லியிருக்கிறான். "பிரஷர் நார்மலா இருக்கே, எதுக்கு?" என்று அங்கிருந்த யாரோ கேட்டிருக்கிறார்கள். பத்தொன்பது வயதுப் பையன். ஹாஸ்டலில் எல்லோர் முன்னாலும் ராத்திரி சொட்டு மருந்து போட்டுப் போட்டு அலுத்துப்போனவன். அவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. மூன்று வாரம் மருந்தை நிறுத்திவிட்டான். லீவுக்கு வந்தபோது அவன் அம்மா பையில் பிரிக்காத பாட்டிலைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். "மாமா, இவன் நிறுத்திட்டான் மாமா" என்று சொல்லிவிட்டு மேலே பேச முடியாமல் அழுதாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கோல்ட்மன் கருவியில் 23. முகாமில் வந்த 15, மருந்தின் தயவில் வந்த 15. அதுவும் மெலிந்த கார்னியா காட்டிய 15. அவனுக்கு டாக்டர் வைத்திருந்த இலக்கு 12. நல்லவேளை, பார்வைப் பரப்பில் புதிதாக எதுவும் போகவில்லை. டாக்டர் அவனைத் திட்டவில்லை. அவனுடைய தடிமன் எண்ணை ஒரு சீட்டில் எழுதி, "இதை உன் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோ. யாராவது நார்மல்னு சொன்னா இதைக் காட்டு" என்றார். முகாம் நடத்துகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு நாளில் முந்நூறு பேரைச் சலித்துப் பார்ப்பது அவர்கள் வேலை. ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவருக்கு அந்தச் சலிப்பு தீர்ப்பாகாது.

இன்னும் சில விஷயங்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியைக் கழற்ற லேசர் செய்துகொண்ட இளைஞர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். லேசிக் கார்னியாவைச் செதுக்கி மெலியச் செய்கிறது. அதற்குப் பிறகு அழுத்தம் குறைவாகவே காட்டும். செய்துகொள்வதற்கு முன்பு எடுத்த தடிமன் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாற்பது வயதுக்கு மேல் எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் லேசிக் செய்ததைச் சொல்லுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டால் கார்னியா சற்று ஊறும். தடிமன் பார்க்கப் போகும்போது எவ்வளவு நேரம் முன்னால் கழற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கண் சிவந்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டில் ஸ்டீராய்டு இருக்கலாம். அது சிலருக்கு அழுத்தத்தை ஏற்றிவிடும்.

அப்புறம் கிரிக்கெட். பெரிதான கண்ணின் சுவர் மெலிந்தது. பந்து பட்டால் மற்றக் கண்ணைவிட எளிதில் கிழியும். நம் காம்பவுண்டில் சாயங்காலம் டென்னிஸ் பந்தில் விளையாடும் பிள்ளைகளில் இந்த நோய் உள்ள குழந்தை ஒன்று இருந்தால், அதை விளையாட்டிலிருந்து ஒதுக்க வேண்டாம். உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போட்டு விளையாடச் சொல்லுங்கள். பேரன் அப்படித்தான் பள்ளிக்கூட டீமில் விக்கெட் கீப்பராக இருந்தான்.

கூட்டம் முடிந்து பலர் ஃபைல் எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டீர்கள். நான் வைத்திருப்பது நீளமான லெட்ஜர் தாளில் ஒரு அட்டவணை. தேதி, மணி, எந்தக் கருவி, வலது அழுத்தம், இடது அழுத்தம், அன்று போட்டிருந்த மருந்து என்று ஒரு வரிசை. மணி ஏன் என்றால், அழுத்தம் ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் மாறும். தடிமனுக்குத் தனிப் பக்கம். அதில் கார்னியா தெளிவாக இருந்ததா, மங்கலாக இருந்ததா என்று ஒரு கட்டம் கட்டாயம் உண்டு. குழந்தையாக இருந்தால் குறுக்களவுக்கும் கண்ணின் நீளத்துக்கும் இரண்டு கட்டம் கூடுதல். அச்சடித்த வெற்றுத் தாள்கள் ஐம்பது சங்க அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன். தீர்ந்துவிட்டால் சி பிளாக்கில் கதவைத் தட்டுங்கள். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை மட்டும் வேண்டாம், தூங்குவேன்.